அம்மா ஓடை தாண்டிய படம்

போன மாதம் நாமெல்லாம் கூடியபோது அவரவர் அம்மா அப்பா படத்தை எடுத்துவருவது என்று பேசி வைத்திருந்தோம். நீங்கள் எடுத்துவந்தீர்கள். ஸ்டுடியோ நாற்காலியில் விறைத்து உட்கார்ந்த அப்பாக்கள், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மாக்கள், ஏதோ ஒரு கல்யாணக் கும்பலிலிருந்து தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிய படங்கள். நான் வெறுங்கையோடு வந்தேன். “அந்தக் காலத்துல கூலிக்காரங்களுக்கு ஏது போட்டோ, வுடுங்க டீச்சர்” என்று உங்களில் ஒருவர் சமாதானம் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஆனால் என் அம்மாவைப் படம் எடுத்திருக்கிறார்கள். போட்டோ இல்லை, சினிமா. அதுவும் கலரில். அதைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது அநேகமாக நான் ஒருத்திதான். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். ஊர் நஞ்சையில் பெரும்பகுதி ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் வீட்டை நாங்கள் பெரிய வூடு என்போம். அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டு நிலத்தில் வேலை செய்தவர்கள். அந்த வீட்டின் இளைய மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு, மதராஸில் பெண் கட்டிக்கொண்டு, ஒரு கோடையில் மனைவியோடு ஊருக்கு வந்து தங்கினார். அவரைச் சின்னவர் என்பார்கள். அவர் மனைவிக்கு எங்கள் தெருப் பெண்கள் வைத்த பெயர் பட்டணத்தம்மா.

சின்னவர் கையில் எப்போதும் அந்தக் கேமரா இருந்தது. ஒரு கையில் அடங்குகிற சாமான். பக்கவாட்டில் ஒரு சாவி. கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல அதை முறுக்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினால் அடுத்த வீட்டில் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சாவி தளர்ந்ததும் சத்தம் நின்றுவிடும், மறுபடி முறுக்குவார். உள்ளே ஒரு பிலிம் சுருள். பாதி ஓடியதும் அதைத் திருப்பிப் போட வேண்டுமாம். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று பட்டணத்தம்மா குடையை விரித்துப் பிடிக்க, அவர் குனிந்துகொண்டு, துண்டுக்குள் கையை விட்டுத் திருப்புவார். “கொழந்தைக்கி ஈரத்துணி மாத்தற மாதிரி இல்ல பண்றாரு” என்று அம்மா சொல்ல, நடவுக்காரப் பெண்கள் சேற்றில் நின்றபடி சிரித்தது நினைவிருக்கிறது.

கோடைப் போகமான சொர்ணவாரிக்கு நடவு நடந்துகொண்டிருந்த சமயம் அது. கிணற்றுத் தண்ணீர் பாயும் வயல். சின்னவர் வரப்பில் உட்கார்ந்து எங்களை எடுப்பார். எனக்கு அது பெரிய கொண்டாட்டம். கேமராவைக் கண்டால் எதிரே ஓடி வருவேன். “என்னப் பாக்காத பாப்பா, அந்தப் பனமரத்தப் பாத்து ஓடு” என்பார். ஓடுவேன். ஒருமுறை அதை என் காதில் வைத்து ஓட விட்டார். ஒரு பொன்வண்டைக் காதுக்குள் அடைத்த மாதிரி இருந்தது.

அம்மா எனக்கு நேர்மாறு. கேமரா தன் பக்கம் திரும்பினால் முந்தானையை இழுத்து மூக்குவரை மூடிக்கொள்வாள். நாற்று முடியைக் கையில் வைத்திருந்தால் அதையே முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள். “இன்னாமே, ஒன் மூஞ்சிய அவரு கடிச்சா தின்னப் போறாரு?” என்று கூட நிற்பவர்கள் கேலி செய்வார்கள். சின்னவருக்கு அது ஒரு பந்தயம் மாதிரி ஆகிவிட்டது. “உன்ன எப்பிடியாவது புடிச்சிக் காட்டறேன் பாரு” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

வெயில் ஏற ஏறப் பட்டணத்தம்மாவுக்குத் தாங்கவில்லை. கல்வராயன் மலையில், கரியாலூரில், அவர்களுக்குத் தெரிந்தவர் வீடு ஒன்று காலியாக இருந்தது. சில நாள் அங்கே போய் இருப்பதென்று முடிவானது. பாத்திரம் கழுவ, தண்ணீர் எடுக்க ஒரு பெண் வேண்டும். அம்மாவை வரச் சொன்னார்கள். “பாப்பாவும் வரட்டும், படத்துக்கு ஆவும்” என்றார் சின்னவர்.

அம்மா அப்போது மாசமாக இருந்தாள். ஐந்தோ ஆறோ மாதம். ஒல்லி உடம்பு, சேலையைத் தளர்த்திக் கட்டுவாள், பார்ப்பவர்களுக்குத் தெரியாது. பெரிய வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்த என் அத்தை, அப்பாவின் அக்கா, கிளம்புவதற்கு முன்னால் சண்டைக்கு நின்றாள்.

“இந்த ஒடம்ப வச்சிக்கினு மல ஏறணுமா? வேற யாரையாச்சும் இட்டுக்கினு போவச் சொல்லு.”

“எப்பிடிக்கா சொல்றது? அவங்களா கூப்புட்றாங்க” என்றார் அப்பா.

“மாசமா இருக்கறான்னு சொல்லு.”

“சொன்னா அப்பறம் நடவுக்கும் கூப்புட மாட்டாங்க அண்ணி” என்றாள் அம்மா. “அங்க இன்னா வேல? நாலு ஏனம் கழுவணும். குளுகுளுன்னு இருக்குமாம். பாப்பாவும் பாக்கும்.”

என்னைப் பார்த்துச் சிரித்தாள். போக வேண்டும் என்று அவளுக்கே ஆசை இருந்தது என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

அன்றைக்கு மலைக்கு இப்போதுள்ள தார் ரோடு கிடையாது. ஜீப் தட்டுத்தடுமாறி ஏறுகிற மண்பாதை ஒன்றுதான். பெரிய வீட்டுக்காரர்கள் ஜீப்பில் போனார்கள். நாங்கள் அடிவாரம் வரை மாட்டுவண்டியில் போய், அங்கிருந்து மூட்டை தூக்கும் ஆட்களோடு ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். அம்மா தலையில் பாத்திர மூட்டை. கடுக்காய் மரங்களைக் காட்டிக்கொண்டே வந்தாள். மேலே போகப் போகக் காற்று மாறியது. கரியாலூரில் எங்கு பார்த்தாலும் பலாப்பழ வாசனை. அந்த வாசனை இன்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டியிலிருந்து வந்தாலும் நான் எதிர்ப் பக்கம் நடந்துவிடுவேன்.

முன்னாடி பெய்த கோடை மழையில் ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மலைப் பெண்கள் கூடையில் பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு அந்த ஓடையைக் கடந்து போவார்கள். சின்னவருக்கு அதை எடுக்க வேண்டும் என்று ஒரே ஆசை. அவர்கள் சம்மதிக்கவில்லை. கேமராவைத் தூக்கியதும் நின்றுவிட்டார்கள். கூட வந்த கிழவர், “எங்கள இதுல புடிக்காதீங்க சாமி” என்று சொல்லிவிட்டு அவர்களை வேறு பாதையில் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

சின்னவர் கொஞ்ச நேரம் பாறையில் உட்கார்ந்திருந்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

“நீ நடந்து வா. சேலைய அவங்க மாதிரி ஏத்திக் கட்டிக்க. படத்துல யாருக்குத் தெரியப் போவுது?”

பட்டணத்தம்மாதான் சேலையை ஏற்றிக் கட்டிவிட்டார். தன் சிவப்புச் சேலை ஒன்றை அதற்காகக் கொடுத்தார். கூடையில் பலாப்பழங்களை வைத்து அம்மா தலையில் ஏற்றினார்கள். இரண்டு கையாலும் பிடித்தால்தான் கூடை நிற்கும். முந்தானையை இழுக்கக் கை இல்லை. சின்னவர் கை தட்டினார்.

“மாட்டிக்கினியா? இப்பதான் மூஞ்சி தெரியுது!”

அக்கரையிலிருந்து இக்கரைக்கு, கேமராவைப் பார்த்து அம்மா நடந்து வந்தாள். வெட்கத்தில் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று மறுபடி அனுப்பினார். அடுத்த முறை சாவி தளர்ந்துவிட்டது. அதற்கடுத்த முறை பாறை நிழல் அவள்மேல் விழுந்தது. கூடையோடு போவாள், கூடையோடு வருவாள். இறக்கி வைத்தால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும் என்பதால் இறக்கவே இல்லை. நான் கரையில் உட்கார்ந்து தண்ணீரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போதுங்க, அவ களைச்சிப் போயிட்டா” என்றார் பட்டணத்தம்மா.

“இது ஒண்ணுதான். வெயில் போயிட்டா எடுக்க முடியாது.”

“பரவால்லமா” என்றாள் அம்மா அக்கரையிலிருந்து.

நடு ஓடையில் பாசிக் கல்லில் கால் வைத்தாள். சட்டென்று ஒரு பக்கமாகச் சரிந்து, வயிற்றோடு ஒரு பாறை விளிம்பில் விழுந்தாள். கூடை கவிழ்ந்தது. பலாப்பழங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தண்ணீரில் உருண்டன. கேமரா சத்தம் நிற்கவில்லை. சாவி தளரும் வரை ஓடித்தான் நின்றது. சின்னவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம், “அடி கிடி பட்டுச்சா?” என்று ஓடினார்.

“இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க.” அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேலையைப் பிழிந்தாள். வெகுநேரம் பிழிந்துகொண்டே நின்றாள்.

மறுநாள் எல்லோரும் மலை இறங்கினோம். பாதி வழியில் அம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். ஒற்றையடிப் பாதை அந்த இடத்தில் ஜீப் பாதையோடு சேரும். பின்னால் வந்த ஜீப் எங்களைக் கண்டு நின்றது. பட்டணத்தம்மா தலையை நீட்டி, “ஏன் உக்காந்துட்ட? மூஞ்சியே சரியில்லையே. ஏறிக்க வா” என்றார்.

அம்மா எழுந்து நின்று ஜீப்பின் உட்புறத்தைப் பார்த்தாள். சீட்டுக்கு வெள்ளை உறை போட்டிருந்தது.

“சேல அழுக்கா இருக்குதுமா. நாங்க நடந்தே வந்துட்றோம்.”

ஜீப் போய்விட்டது. எனக்குக் கோபம். ஜீப்பில் ஏறும் ஆசை எனக்கு மலையைவிடப் பெரியதாக இருந்தது. வழி முழுக்க அவளோடு பேசவில்லை. அழுக்கு என்று அவள் எதைச் சொன்னாள் என்பது நான் பெரியவளான பிறகுதான் ஒரு நாள், ஏதோ வேலையாக இருக்கும்போது, சம்பந்தமே இல்லாமல் புரிந்தது. கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் “ஓடையில லேசா வழுக்கிச்சி” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தவள்தான். விடிந்ததும் அத்தை மருத்துவச்சியை அழைத்துவந்தாள். அந்த அம்மாள் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து, “என் கையில ஒண்ணும் இல்ல, ஒடனே கள்ளக்குறிச்சிக்கி இட்டுக்கினு போங்க” என்றாள். அப்பா பெரிய வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் ஜீப் நின்றிருந்தது. டிரைவர் மலைச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு வேலைகளை மேற்பார்க்கிற காரியக்காரர் வெளியே வந்தார்.

“இன்னாடா, காலங்காத்தால?”

“சம்சாரத்துக்கு ஒடம்பு ரொம்ப சரியில்லீங்க. கள்ளக்குறிச்சிக்கிப் போவணும்.”

“அதுக்கு?”

அப்பா ஜீப்பைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வேறு சொல் வந்தது.

“வண்டியும் மாடும் வேணுங்க.”

காரியக்காரர் உடனே கொடுத்தார். நல்ல மாடாகப் பார்த்துப் பூட்டச் சொன்னார். வைக்கோல் நிறையப் போடச் சொன்னார். யாரும் எதையும் மறுக்கவில்லை.

அம்மாவை வண்டியில் படுக்க வைத்தோம். அத்தை மடியில் அவள் தலை. நான் காலடியில். அப்பா மாட்டுக்குப் பக்கத்தில் நடந்தும் ஓடியும் வந்தார். வைக்கோல் நனைந்துகொண்டே வந்தது. அத்தை அதை என் கண்ணில் படாமல் தள்ளித் தள்ளி மூடினாள். அம்மா தண்ணீர் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. தியாகதுருகத்து மலை கண்ணில் பட்ட இடத்தில் அத்தை, “தம்பி, வண்டிய நிறுத்து” என்றாள். அழாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்பா வந்து பார்த்தார். அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டியைத் திருப்பினார்.

அந்தப் பிலிமை அங்கேயெல்லாம் கழுவ முடியாது. பம்பாய்க்குத் தபாலில் அனுப்பி, அங்கே கழுவி, திரும்பத் தபாலில் வர வேண்டும். வந்து சேர மழைக்காலம் முடிந்துவிட்டது. பொங்கலுக்குச் சின்னவர் மட்டும் ஊருக்கு வந்தார். பட்டணத்தம்மா பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தார். பெரிய வீட்டு முற்றத்தில் படம் காட்டப் போகிறார்கள், உறவுக்காரர்களெல்லாம் வந்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஜீப் டிரைவர் அப்பாவைப் பார்த்து, “உன் சம்சாரம் அதுல நடந்து வராளாம்பா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா அன்றைக்குச் சீக்கிரமே குளித்தார். இருந்த ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டார். எனக்குத் தலை வாரச் சொல்லி அத்தையை அவசரப்படுத்தினார். ஏதோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தது அவர் நடந்த விதம்.

முற்றத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். வீட்டாரும் விருந்தாளிகளும் முன்பக்கம். வேலைக்காரர்களான நாங்கள் துணிக்குப் பின்பக்கம், மாட்டுத்தொட்டி ஓரமாக. பின்னாலிருந்து பார்த்தாலும் படம் தெரியும், இடம் வலமாக இருக்கும், அவ்வளவுதான். விளக்கை அணைத்தார்கள். மிஷின் ஓடத் தொடங்கியது. சூடான எண்ணெயும் தூசியும் கலந்த ஒரு வாடை வந்தது.

வயல் வந்தது. பனைமரம் வந்தது. நான் ஓடி வந்தேன். பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். மூடிய முகங்களில் எது அம்மா என்று அப்பா கழுத்தை நீட்டி நீட்டித் தேடினார். அப்புறம் மலை. அப்புறம் ஓடை. சிவப்புச் சேலை.

அம்மா வந்தாள். முகம் முழுக்கத் தெரிந்தது. வேட்டியின் உயரத்துக்கு, நிஜத்தைவிடப் பெரியவளாக, எங்களை நோக்கி வந்தாள். நெற்றியில் வேர்வை மின்னியது. அப்பாவின் கை என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. முன்பக்கமிருந்து சின்னவரின் குரல் கேட்டது.

“இது மலைவாசிப் பொண்ணு. தெனம் இப்பிடித்தான் செமந்துக்கினு போவாங்க. இப்ப வேடிக்கையப் பாருங்க.”

அம்மா விழுந்தாள். முன்பக்கம் கொல்லென்று சிரிப்பு. லேசா வழுக்கிச்சி என்று அவள் சொன்னதை மட்டுமே கேட்டிருந்த அப்பா, அவள் விழுந்ததை அப்போதுதான் பார்த்தார்.

ஒரு சின்னப் பையன், “மாமா, பின்னால போற மாதிரி போடுங்க!” என்று கத்தினான். அந்த மிஷினில் அப்படி ஒரு வசதி இருந்தது. சின்னவர் எதையோ திருகினார்.

பலாப்பழங்கள் தண்ணீரை எதிர்த்து உருண்டு வந்தன. தாமாகவே கூடைக்குள் ஏறின. தண்ணீரிலிருந்து அம்மா எழுந்தாள். ஈரம் இல்லாமல், நோவு இல்லாமல், விருட்டென்று நிமிர்ந்து நின்றாள். கூடை அவள் தலைக்குத் தாவியது. முகம் எங்களைப் பார்த்தபடியே இருக்க, அவள் பின்னால் பின்னால் நடந்து அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். சிரிப்பு அடங்கவில்லை. மறுபடி விழவைத்தார்கள். மறுபடி எழவைத்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் முகம் எனக்கு வேறு எந்த இடத்திலும் ஞாபகம் இல்லை. சோறு போட்ட அம்மா, தலைக்கு ஊற்றிவிட்ட அம்மா, கைகள் இருக்கின்றன, குரல் இருக்கிறது, முகம் இல்லை. முகம் என்றால் அந்த வேட்டியில் வந்ததுதான். சிரிப்புச் சத்தத்தோடுதான் வரும்.

அம்மா திரும்பவும் எழுந்தபோது என் தோளிலிருந்த கை விலகியது. அப்பா துணியை நோக்கி நடந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை. போய் அம்மாவின் கால் இருந்த இடத்தைத் தொட்டார். துணி அலைந்தது. அம்மாவும் ஓடையும் மலையும் நெளிந்தன.

“யார்றா அது துணிய ஆட்டறது?” என்று முன்பக்கமிருந்து ஒரு அதட்டல்.

அப்பா கையை எடுத்துக்கொண்டார். என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் காலை பெரிய வீட்டுக் கூடத்து வாசலில் சின்னவர் அந்த மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா தள்ளி நின்றார். நான் அவர் பின்னால்.

“ஆண்டே, ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லு.”

“நேத்து படத்துல கூடையத் தூக்கிக்கினு வந்துதே, அதுல ஒரு துண்டு கெடைக்குங்களா?”

“அது எதுக்கு உனக்கு?”

“அது எங்க வூட்டு பொம்பளதாங்க.”

சின்னவர் துடைப்பதை நிறுத்தினார். “ஆமா, உன் சம்சாரம் இல்ல? அவகிட்டயே காட்டலாமே, இட்டுக்கினு வா.”

“அது போயிடுச்சிங்க. மலையிலேர்ந்து வந்த மறுநா.”

அவருக்கு அது தெரியாது. யாரோ ஒரு கூலிக்காரன் பெண்டாட்டி செத்துப்போனாள் என்று காதில் விழுந்திருக்கும். அது இவள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

“ஏன் எங்கிட்ட சொல்லல? ஜீப் இங்கதான நின்னுச்சி? நான் வூட்லதான இருந்தேன்? ஒரு வார்த்த கேட்டிருந்தா அர மணி நேரத்துல கொண்டுபோய்ச் சேத்திருப்பேனேடா.”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சொற்களை அவர் சாகும்வரை சுமந்தார் என்று எனக்குத் தெரியும். சின்னவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அதைவிட ஒரு அறை அறைந்திருக்கலாம்.

அவர் சுருளைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து, ஒரு இடத்தில் கத்தரிக்கோலை வைத்தார்.

“விழறதுக்கு முன்னாடி வெட்டியிருக்கேன்” என்று ஒரு சாண் நீளத் துண்டை நீட்டினார். அதன்பிறகு அவர் எங்கள் ஊரில் கேமராவைத் தூக்கி நான் பார்க்கவில்லை.

அது விரல் அகலம்கூட இல்லாத பிலிம். ஓரத்தில் பொடிப் பொடியாக ஓட்டைகள். ஒவ்வொரு படமும் ஒரு உளுந்து அளவு. வெயிலுக்கு நேரே பிடித்தால் ஒரு சிவப்புப் புள்ளி, சுற்றிலும் வெள்ளைத் தண்ணீர். முகம் இருக்கும் இடத்தில் கடுகின் கால்வாசிக்கு ஒரு நிறம். மூக்கு, கண் எதுவும் தெரியாது. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்தது. அல்லது தெரிகிறது என்று சொன்னார்.

வெற்றிலைப் பையில் அதை வைத்துக்கொண்டார். வயலில் மத்தியானம் கஞ்சி குடித்ததும் எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடிப்பார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். சுண்ணாம்பு ஒட்டிய விரல், சேறு காய்ந்த விரல், வேர்வை விரல். மங்கலாகத் தெரிந்தால் கட்டைவிரலால் தேய்த்துத் துடைப்பார். ஆட்கள் ஆரம்பத்தில் பரிதாபப்பட்டார்கள். பிறகு, “வந்துட்டான்யா சினிமாக்காரன்” என்றார்கள். வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். பேச்சு எழுந்தாலே எழுந்து போய்விடுவார். அதே பெரிய வீட்டுக்குத்தான் வேலைக்குப் போனார். வேறு எங்கே போவது?

நான் மேல்வகுப்புக்குக் கள்ளக்குறிச்சி ஹாஸ்டலுக்குப் போனேன். ஒரு லீவுக்கு ஊருக்கு வந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பையிலிருந்து அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன. நடுவில் எதுவும் இல்லை. திருப்பிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். நான் திரும்பியபோது அப்பா கண்ணைத் திறந்து படுத்திருந்தார்.

“இதுல ஒண்ணும் இல்லியேப்பா.”

“இருந்துச்சி” என்றார். “நான்தான் பாத்துப் பாத்துத் தேச்சிட்டேன்.”

எவ்வளவு காலமாக அது வெறும் பிலிம் என்று அவருக்குத் தெரியும், எவ்வளவு காலமாக வெறும் பிலிமைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று நான் கேட்கவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“சின்னவரு வூடு கள்ளக்குறிச்சிலதான இருக்குது இப்ப. நீ படிச்ச புள்ள. நீ போய்க் கேட்டா இன்னொரு துண்டு குடுப்பாங்க. நீ வர்ற சனிக்கெழம நான் ரோட்டாண்ட வந்து நிக்கறேன்.”

சனிக்கிழமை ஹாஸ்டலில் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். கடைத்தெருவுக்குப் பின்னால் மாடி வீடு. கதவைத் திறந்தது பட்டணத்தம்மா. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. அவர் பின்னால் கவுன் போட்ட ஒரு சிறுமி நின்று என்னைப் பார்த்தாள். நான் யார் என்று சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“பாப்பாவா? அடேயப்பா, எவ்ளோ வளந்துட்ட! உங்கம்மா சௌக்கியமா?”

சின்னவர் இவரிடம் சொல்லவே இல்லை.

“அம்மா செத்துட்டாங்க” என்றேன்.

“ஐயோ. எப்ப?”

“நாம மலையிலேர்ந்து வந்த மறுநா.”

அவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். சிறுமி அவர் தோளைப் பிடித்து உலுக்கி, “யாரும்மா, யாரும்மா” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், இல்லை இல்லை என்பதுபோல.

“போன மழைல பரண் ஒழுகிச்சி. ரீலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெல்லக்கட்டி மாதிரி ஆயிடுச்சி. அவர் வந்து பிரிக்கப் பாத்தார், வரல. எல்லாத்தையும் குப்பைல போட்டுட்டோம். எனக்குத் தெரியாதே. யாரும் எனக்குச் சொல்லலியே.”

சாப்பிட்டுப் போகச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். படி இறங்கும்போது அவர் அழுவது கேட்டது.

ஊர்ப் பிரிவில் பஸ் நின்றது. அப்பா புளியமரத்தடியில் நின்றிருந்தார். துவைத்த சட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். ஒரு கையில் புத்தகப் பை. இன்னொரு கை சும்மா இருந்தது. அந்தக் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் கிளப்பிய புழுதி அடங்கும்வரை இரண்டு பேரும் நின்றோம்.

“பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா?” என்றார்.

“கெடச்சுதுப்பா” என்றேன். நின்றுகொண்டேதான் வந்திருந்தேன்.

“சரி, வா” என்று முன்னால் நடந்தார்.